விரல் நீளப் பொம்மைகள்: நிட்டிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நிட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். கல்யாணம், அரங்கேற்றம், பள்ளிப் பிரியாவிடை என்று நினைவுப்பொருளாகக் கொடுப்பதற்குச் சின்னப் பின்னல் பொம்மைகளும் செய்து கொடுக்கிறேன். கற்க வருபவர்களும் ஓடர் கொடுக்க வருபவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கின்றன.

மினியேச்சர் எண்டா எவ்வளவு சின்னன்? பெரிய பொம்மையின்ர குட்டிதானே?

ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் போகாத பொம்மையைத்தான் நான் இங்கே சொல்கிறேன். உள்ளங்கையில் நிற்கும், சாவிக்கொத்தில் தொங்கும், கேக்கின் மேல் வைக்கலாம். இதைவிடச் சின்னதாகவும் பின்னுகிறார்கள். அமெரிக்காவில் அல்தியா குரோம் என்பவர் மெல்லிய கம்பியைத் தானே தேய்த்து ஊசியாக்கி, சில வேலைகளில் ஓர் அங்குலத்துக்குள் 80 கண்ணிக்கு மேல் பின்னியிருக்கிறார் (பின்னலில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி). 2009இல் வந்த ஒரு பொம்மை அசைவுப் படத்துக்கு உடுப்புகள் பின்னியவரும் அவர்தான். நாங்கள் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை.

குட்டி என்பது சரிதான், ஆனால் அப்படியே சுருக்கினது இல்லை. பெரிய பொம்மையில் தலையைச் சுற்றி 40 கண்ணி இருந்தால் மூக்கு, கன்னம், காது எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். இங்கே 16 கண்ணிதான். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. கை வேகம் அதற்குப் பிறகு.

நிட்டிங் நல்லதா, குரோஷே நல்லதா?

குரோஷே என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது. அதில் ஒரு நேரத்தில் ஊசியில் ஒரு கண்ணிதான் இருக்கும், கை தவறினாலும் மற்றக் கண்ணிகள் கழன்று ஓடாது. உருண்டை வடிவம் சுலபமாக வரும். ஜப்பானியர்களின் அமிகுருமி பொம்மைகள் பெரும்பாலும் குரோஷேயாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் தடவை பொம்மை செய்கிறவருக்குக் குரோஷே சுகம், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே நூலில் குரோஷேக் கண்ணி நிட்டிங் கண்ணியைவிடத் தடிப்பாக இருக்கும். சேலைத் தலைப்பு தோளில் படிய வேண்டும், சட்டையில் மெல்லிய கோடு வர வேண்டும் என்றால் நிட்டிங்தான். இரண்டும் தெரிந்தவர்கள் உடம்பை நிட்டிங்கிலும் தொப்பி, கூடை, பூ போன்றவற்றைக் குரோஷேயிலும் செய்கிறார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. நிட்டிங்குக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார், குரோஷேக்கு அப்படி ஒரு இயந்திரம் ஆலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால் நிட்டிங் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் மெஷின் வேலையா என்று கேட்பார்கள், முகத்தையும் மூட்டுகளையும் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அக்கா, எனக்கு ஸ்காஃப் மட்டும்தான் பின்னத் தெரியும். நேரா பொம்மையில தொடங்கலாமா?

தொடங்கலாம். நிட் (நேர்ப் பின்னல்), பேர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்) இரண்டும் தெரிந்து, கண்ணி கூட்டவும் குறைக்கவும் தெரிந்தால் போதும். முதலில் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பொம்மையை முடியுங்கள், பிறகு அதே பொம்மையை மெல்லிய நூலில் செய்யுங்கள். முதல் நாளே 1 மில்லிமீற்றர் ஊசியைப் பிடித்தவர்களில் பாதிப் பேர் ஊசியை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

மெல்லிய ஊசி கொழும்பில எங்க கிடைக்கும்? கடையில 14ஆம் நம்பர் எண்டினம், பேட்டர்னில 0 எண்டு கிடக்கு.

இரண்டும் ஒன்றுதான். எங்கள் கடைகளில் பழைய பிரித்தானிய எண் புழங்குகிறது, அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 14 என்றால் 2 மில்லிமீற்றர், 13 என்றால் 2.25. அமெரிக்க எண் அதற்கு நேர்மாறு, கூடக் கூடத் தடிக்கும், 2 மில்லிமீற்றருக்கு அவர்களுடைய எண் 0. குழப்பம் வேண்டாமென்றால் மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள்.

புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் அதை அண்டிய குறுக்குத் தெருக்களிலும் பொத்தான், ரிபன், நூல் விற்கும் கடைகளில் முதலில் கேளுங்கள். இரண்டு பக்கமும் கூரான, நான்கு ஐந்தாக வரும் குட்டை ஊசிதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலையில் குமிழ் வைத்த நீள ஊசியை எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இருக்கிறது. சாதாரண ஸ்போக்ஸ் சரியாக 2 மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது எங்கள் 14ஆம் நம்பர். 12 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையையும் அரத்தால் ராவி, மெல்லிய எமரித் தாளால் நூல் சிக்காத அளவுக்கு வழுவழுப்பாக்குங்கள். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம், உப்புக் காற்றில் சாதாரண இரும்பு கெதியில் துருப்பிடித்து வெள்ளை நூலில் மண்ணிறக் கறை போட்டுவிடும்.

நூல்? வீட்டில கிடக்கிற வூல் காணாதா?

பழகக் காணும். இங்கே வூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதில் ஒரு கெடுதியும் இல்லை, பூச்சி அரிக்காது, பூஞ்சணமும் சுலபத்தில் பிடிக்காது. குழந்தை உடுப்புக்கு வாங்கும் 4 பிளை நூலை 2 மில்லிமீற்றர் ஊசியில் பின்னிப் பாருங்கள். நூல் சுற்றின தாளில் 3.25 ஊசி என்று போட்டிருக்கும், அது சட்டைக்கு. பொம்மைக்கு அதைவிட நாலைந்து அளவு மெல்லிய ஊசி எடுத்தால்தான் கண்ணி நெருங்கி, உள்ளே இருக்கும் பஞ்சு தெரியாது.

இன்னும் சின்னதாகப் போக வேண்டுமென்றால் 8ஆம் நம்பர் பேர்ல் கொட்டன் என்ற முறுக்கிய பருத்தி நூலும் (பேர்ல் கண்ணி வேறு, இது நூலின் பெயர்) 1.25 ஊசியும். முடி, கண், பூ, கரை எல்லாவற்றுக்கும் எம்பிராய்டரி நூல் வாங்குங்கள், ஆறு இழையாக வரும், வேண்டிய அளவு பிரித்துக்கொள்ளலாம், ஒரு கட்டில் 8 மீற்றர் இருக்கும், ஒரு பொம்மைக்குத் தாராளம். கொட்டன் நூல் இழுபடாது, அதனால் கண்ணி ஏற்றத்தாழ்வு அப்படியே தெரியும். முதல் பொம்மையை வெளிர் நிறத்தில் செய்யுங்கள், கறுப்பு நூலில் கண்ணி எண்ணுவது பெரிய கரைச்சல். முசுமுசு என்று ரோமம் நிற்கிற நூலை எவ்வளவு வடிவாக இருந்தாலும் தொடாதீர்கள், இந்த அளவில் எல்லாம் ஒரே மூடாப்பாகிவிடும்.

பெரிய பொம்மைப் பேட்டர்ன் இருக்கு. எல்லா எண்ணையும் ரெண்டால பிரிச்சா சின்னது வராதா?

வராது, வருவது வேறு ஏதோ ஒன்று. சின்னதாக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எண்ணிக்கையைத் தொடாமல் நூலையும் ஊசியையும் பாதித் தடிப்பாக்குவது. அப்போது பொம்மை பாதி உயரத்தில் அப்படியே வரும், மூக்குக்கும் விரலுக்கும் பேட்டர்னில் சொன்ன கண்ணி எல்லாம் இருக்கும், வேலையும் அதே அளவு, கண்ணுக்கு மட்டும் இரட்டிப்புச் சிரமம். மற்றது, நூலை மாற்றாமல் கண்ணியைக் குறைப்பது. சுற்றுக்கண்ணி பாதியானால் வரிசையும் பாதியாக வேண்டும், ஆக மொத்தக் கண்ணி கால்வாசியாகிவிடும், உள்ளே போகும் பஞ்சு எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று கண்ணியில் இருந்த மூக்கை ஒன்றரைக் கண்ணியில் பின்ன முடியாது. கண்ணி கூட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே கண்ணியைக் குறைக்கிறபோது பேட்டர்னை மூடி வைத்துவிட்டு, யாரைச் செய்கிறோம் என்று யோசியுங்கள். மூக்கு போகட்டும், விரல் போகட்டும், பாதமும் பெரும்பாலும் போகலாம். இருக்க வேண்டியது உருவத்தின் வெளிக்கோடு, நிறங்கள் பிரியும் இடம், முடி, பிறகு அவரை அவராக்கும் ஒரே ஒரு பொருள். பள்ளிப் பிள்ளை என்றால் வெள்ளைச் சட்டையும் இரண்டு கண்ணி அகலத்தில் ஒரு டையும் போதும், பார்த்தவுடன் எந்தப் பள்ளி என்று டையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் பையும் தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்தும் வைத்தால் டை மறைந்துவிடும். ஒன்றை வடிவாகச் செய்து மற்றதை விடுங்கள், நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்.

வட்டமாப் பின்னவா, தட்டையாப் பின்னித் தைக்கவா?

வட்டமாகப் பின்னினால் தையல் கோடு இருக்காது, பார்க்க அழகு. ஆனால் 16 கண்ணியை மூன்று ஊசியில் பிரித்தால் ஓர் ஊசிக்கு ஐந்தாறு கண்ணிதான், ஊசியின் பாரத்திலேயே கண்ணி நழுவும். தட்டையாகப் பின்னி முதுகுப் பக்கம் தைத்தால் கைக்கு ஆறுதல். தையலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போகும் என்பதால் 16க்குப் பதிலாக 18 போடுங்கள். தையல் முதுகின் நடுவில் வரட்டும், முடியும் சேலைத் தலைப்பும் அதை மறைத்துவிடும். சின்னப் பொம்மைக்கு நான் தட்டையாகத்தான் பின்னுகிறேன், அதைக் குறைவான வேலை என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

கையும் காலும் தடியாப் பிதுங்குது, என்ன செய்ய?

தனியாகப் பின்னித் தைத்துப் பஞ்சடைக்கப் பார்த்தால் பிதுங்கத்தான் செய்யும். இரண்டு பக்கமும் கூரான ஊசியில் மூன்று கண்ணி போடுங்கள், மூன்றையும் பின்னுங்கள், பின்னி முடித்ததும் ஊசியைத் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்கள், நூல் இப்போது இடது ஓரத்தில் நிற்கும், அதைப் பின்பக்கமாக வலதுக்கு இழுத்து இறுக்கி மறுபடி பின்னுங்கள். நாலைந்து வரிசையில் அது தானாக மூடிக்கொண்டு கயிறாக வரும். பஞ்சு வேண்டாம், தையலும் வேண்டாம். கைக்கு மூன்று கண்ணி, காலுக்கு நான்கு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஏணிப்படி மாதிரி இடைவெளி விழும்.

உள்ளுக்கு என்ன அடைக்கிறது? தலையணைப் பஞ்சு சரியா?

இலவம்பஞ்சு வேண்டாம், அதன் இழை குட்டை, கண்ணிக்குள்ளால் வெளியே வரும். பொலியெஸ்டர் பஞ்சு நல்லது. மெத்தையிலிருந்து பிய்த்த மாதிரிக் கட்டியாக எடுக்காமல், விரலால் நன்றாகப் பிரித்து மயிர் மயிராக்கி, ட்வீசரால் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்களில் இருந்து நடுவுக்கு அடையுங்கள். நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைந்த பொம்மைக்கு அதே நிற நூலின் வெட்டுத்துண்டுகளே போதும், வெளியே தெரிந்தாலும் நிறம் காட்டிக் கொடுக்காது. தலையைக் கல்லுப் போல இறுக்குங்கள், உடம்பைக் கொஞ்சம் தளர விடுங்கள். கழுத்துக்குத் தனியாகப் பின்ன வேண்டியதில்லை, தலைக்கும் உடம்புக்கும் இடையே ஒரு வரிசையைச் சுற்றி ஊசியால் நூல் ஓட்டி இழுத்து முடிச்சுப் போட்டால் கழுத்து வந்துவிடும்.

முகம் வருகுதில்ல அக்கா. எப்பவும் பேய் மாதிரி முழிக்குது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 16 கண்ணித் தலையில் எட்டுக் கண்ணி பின்பக்கம் போய்விடும். முன்பக்க எட்டில் இரண்டு ஓரமும் வளைந்து திரும்பிவிடும், நேரே பார்த்தால் தெரிவது ஆறு. அதில் கண்ணுக்கு ஒவ்வொன்று போக, நடுவில் இரண்டு கண்ணி விட்டால் சாதாரண முகம், மூன்று விட்டால் குழந்தை முகம். உயரத்தில் கண் தலையின் சரிபாதியில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறார்கள், முழிப்பது அதனால்தான்.

தலையை அடைத்து முடித்த பிறகே முகத்தைத் தொடுங்கள், பஞ்சு போனதும் இடைவெளி மாறும். முதலில் இரண்டு குண்டூசியைக் கண் இருக்கும் இடத்தில் குத்தி, கையை நீட்டித் தூர வைத்துப் பாருங்கள், பக்கத்தில் சரியாகத் தெரிவது தூரத்தில் மாறுகண்ணாகத் தெரியும். பிறகு எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, ஊசியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுத் தையல் போடுங்கள். ஊசியைக் கண்ணியின் ஓட்டைக்குள் விடாமல் நூலையே பிளந்துகொண்டு குத்துங்கள், ஓட்டைக்குள் விட்டால் முடிச்சு உள்ளே போய்க் கண் குழி விழும். நூலின் தொடக்கமும் முடிவும் பின்தலையில் இருக்கட்டும், முடி வைத்ததும் மறைந்துவிடும். வாய் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. வற்புறுத்திக் கேட்டால் ஓர் இழையில் அரைக் கண்ணி அகலத்துக்கு ஒரு சின்னக் கோடு.

இன்னொன்று. கடையில் ஸ்கின் கலர் என்று கேட்டால் இளஞ்சிவப்பு நூலைத் தருவார்கள். அந்த நிறத்தில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மண்ணிற நூல்களில் அருமையான வகைகள் இருக்கின்றன, தேயிலைச் சாய நிறத்திலிருந்து கருங்காலி வரை. யாருக்காகச் செய்கிறோமோ அவரின் கைக்குப் பக்கத்தில் நூலை வைத்துப் பார்த்து எடுங்கள். கருமையான முகத்தில் கறுப்புக் கண் தெரியாது என்று பயப்பட வேண்டாம், முடிச்சுக்குப் பக்கத்தில் வெள்ளை நூலில் ஓர் இழை வைத்தால் கண் பளிச்சென்று எழும்பும். வெளுத்த பொம்மையாகச் செய்து தாருங்கள், அதுதான் வடிவு என்று கேட்பவர்களிடம் நான் இரண்டையும் செய்து காட்டியே பேசுகிறேன்.

சேலை, வேட்டி, ஒசரி எல்லாம் பின்னலில வருமா? துணி வெட்டி ஒட்டினா என்ன?

துணி ஒட்டலாம், ஆனால் அதன் ஓரம் பிசிரும், பின்னலோடு சேராது. பின்னலிலேயே வரும். சேலையைத் தனியாகப் பின்னிச் சுற்றாதீர்கள், பொம்மை பீப்பாயாகிவிடும். உடம்பையே இடுப்புக்குக் கீழே சேலை நிறத்திலும் மேலே சட்டை நிறத்திலும் பின்னுங்கள். அடியில் இரண்டு வரிசை கரை நிறம், கரை முடியும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பேர்ல் வரிசை, அது சின்ன வரம்பு போல எழும்பிக் கரையைப் பிரித்துக் காட்டும். கொசுவத்துக்கு முன்பக்க நடுவில் ஒரு நிட், ஒரு பேர்ல் என்று நான்கைந்து கண்ணி மாற்றி மாற்றிப் பின்னினால் நெடுக்கு மடிப்பாக விழும். தலைப்பு மட்டும் தனி, ஐந்து கண்ணியில் எல்லா வரிசையும் நிட். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பேர்ல் என்று பின்னினால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும்.

கண்டிப் பாணிச் சேலையான ஒசரியின் இடுப்புச் சுருக்கம் கேட்பார்கள், சிங்களக் கல்யாண ஓடர்களில் அது இல்லாவிட்டால் மணப்பெண்ணே இல்லை. இடுப்பைச் சுற்றிக் கண்ணி எடுத்து, ஒரே வரிசையில் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்கி, அடுத்த வரிசையில் முடித்துவிடுங்கள். இடம் காணாமல் அது தானாக அலையலையாக நிற்கும். வேட்டிக்கு வெள்ளை உடம்பும் ஒரு வரிசைக் கரையும், தோளில் மூன்று கண்ணிச் சால்வை. ஜரிகை நூல் தனியாக ஓட மறுக்கும், அதே நிற எம்பிராய்டரி நூல் ஓர் இழையோடு சேர்த்துப் பின்னுங்கள். கொண்டையில் மல்லிகைச் சரம் வெள்ளையில் வரிசையாக முடிச்சுத் தையல், பொட்டு ஓர் இழைச் சிவப்பில் ஒரே குத்து.

பாவாடை விரிஞ்சு நிக்க சீனிப்பாகு போடச் சொல்லினம், போடலாமா?

பழைய காலத்து மேசை விரிப்புகளுக்குப் போட்டார்கள். கொழும்பில் போட்டால் எறும்புக்கு விருந்து. சோற்றுக் கஞ்சி போட்டால் வெள்ளிப்பூச்சி வரும். வெள்ளைக் கம்மைத் தண்ணீரில் கரைத்து உள்பக்கம் மட்டும் தூரிகையால் தடவிக் காய விடுங்கள்.

கண் எரியுது, கழுத்து நோகுது. எல்லாருக்கும் இப்பிடியா?

வெளிச்சம் போதாவிட்டால் எல்லோருக்கும்தான். பகல் வெளிச்சம் இடது தோளுக்கு மேலால் விழும்படி இருங்கள், இடது கைக்காரர் என்றால் வலது தோள். மடியில் நூலுக்கு எதிர் நிறத்தில் துணி விரியுங்கள், கருநூலுக்கு வெள்ளைத் துணி, வெள்ளைக்குக் கருந்துணி, கண்ணி உடனே பிரிந்து தெரியும். வேலையை முகத்துக்கு உயர்த்துங்கள், கழுத்தைக் குனிக்காதீர்கள், முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இது சுலபம். 20 நிமிடத்துக்கு ஒருக்கா 20 அடி தூரத்தில் எதையாவது 20 செக்கன் பாருங்கள். நாற்பது தாண்டியவர்கள் வாசிப்புக் கண்ணாடிக்கு வெட்கப்படக் கூடாது.

கை மரத்துப் போவதும் விரல் நுனி ஊசி குத்துவது போலிருப்பதும் இரண்டு மூன்று நாள் ஓய்வில் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள், பின்னிக்கொண்டே சரியாகும் என்று இருக்காதீர்கள்.

என்ர கை வேர்க்கும். வெள்ளை நூல் ரெண்டு நாளில மண்ணிறமாகுது.

கைகழுவி, துடைத்து, நூல் பந்தை ஒரு சின்னத் துணிப்பைக்குள் வைத்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். பவுடர் போடாதீர்கள், அது நூலில் ஏறி நிறம் மங்கும். பகல் ஒரு மணிக்கு வெள்ளையைத் தொடாமல் முடி, கால் போன்ற கடும் நிற வேலைகளைப் பாருங்கள், வெள்ளைக்குக் காலை நேரம். சிவப்பும் வெள்ளையும் ஒரே பொம்மையில் வந்தால், தொடங்கும் முன் சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் வேறு நூல்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சும் பூஞ்சணம் பிடிச்சிட்டுது, ஏன்?

பெட்டிக்குள் ஈரத்தை வைத்து மூடியதால். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 வீதத்துக்கு மேல்தான், பூஞ்சணத்துக்கு அது தாராளம். கழுவிய பொம்மை வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே பஞ்சு ஈரமாக இருக்கும், மின்விசிறியின் கீழ் இரண்டு நாளாவது விட்டுப் பெட்டியில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அடித்தட்டில் மறைத்து வைக்கலாம், அதுவும் ஈரம் குடித்து நிறைந்துவிடும், மாற்ற வேண்டும். மாதம் ஒருக்கா திறந்து காற்றாட விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிறம் போகும்.

சின்னப் பிள்ளைக்கு விளையாடக் குடுக்கலாமா?

மூன்று வயதுக்குள் குடுக்காதீர்கள். சிறு பாகங்களுக்கான சர்வதேசச் சோதனையில் 31.7 மில்லிமீற்றர் அகலமான ஓர் உருளைக்குள் அடங்கும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் அடைக்கக் கூடியது என்றே எடுத்துக்கொள்வார்கள், எங்கள் பொம்மைகளில் அநேகமானவை முழுதாகவே அதற்குள் போய்விடும். மணியும் பொத்தானும் வைக்காவிட்டாலும் அப்படித்தான். பிறந்தநாள் பிள்ளைக்குத்தான் என்று ஓடர் வந்தால் வயதைக் கேளுங்கள், ஒரு வயதென்றால் சாண் நீளப் பொம்மையாகச் செய்து கொடுங்கள் அல்லது சுவரில் மாட்டுகிற சட்டகத்துக்குள் தைத்துக் கொடுங்கள்.

நடனப் பொம்மை கை தூக்கி நிக்க வேணும். கம்பி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மேலே சொன்ன காரணத்தோடு இன்னொரு காரணமும் சேரும், கம்பி குத்திவிடும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வெறும் இரும்பு துருப்பிடிக்கும், வெறும் செம்பு பச்சை பூக்கும், இரண்டும் நூலுக்குக் கறை. தொலைபேசி வயருக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் பூசிய மெல்லிய செப்புக் கம்பி நல்லது. முனையை வளைத்து உள்ளே மடியுங்கள். பரதநாட்டியப் பொம்மைக்கு அரைமண்டியும் ஒரு கை உயர்வும் போதும், விரல் முத்திரைக்கு ஆசைப்படாதீர்கள், மூன்று கண்ணிக் கையில் அதற்கு இடமில்லை.

ஒரு பொம்மைக்கு எவ்வளவு கேக்கிறது? புறக்கோட்டையில இதவிடப் பெரிசு மலிவாக் கிடக்கு எண்டினம்.

நூல் விலையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், ஒரு பொம்மைக்குப் போகும் நூலின் விலை பஸ் காசுக்குள் முடிந்துவிடும். நேரத்தை எழுதுங்கள். ஊசியில் இருக்கும் நேரம், முகம், முடி, தையல், வாடிக்கையாளரோடு ஃபோனில் நிறம் பேசும் நேரம், பெட்டி செய்யும் நேரம், எல்லாவற்றையும் ஒரு பொம்மைக்காவது கடிகாரம் பார்த்து எழுதினால்தான் உண்மை தெரியும். அதை உங்கள் ஊரில் ஒரு நல்ல தையற்காரருக்கு மணித்தியாலத்துக்கு என்ன கிடைக்குமோ அதால் பெருக்குங்கள், நூலும் பெட்டியும் சேருங்கள். வரும் தொகையைப் பார்த்து உங்களுக்கே கூச்சமாக இருக்கும், இருந்தாலும் அதைச் சொல்லுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதி நூல், ஊசி எல்லாம் விலை ஏறியது, அப்போதும் பழைய விலைக்கே செய்துகொடுத்து, அந்த வருஷத்தோடு ஊசியையே கீழே வைத்துவிட்ட கெட்டிக்காரிகளை எனக்குத் தெரியும்.

புறக்கோட்டைப் பொம்மையோடு ஒப்பிடுபவரிடம் சண்டை வேண்டாம். அவருக்கு வேண்டியது பொம்மை, நீங்கள் செய்வது அவருடைய மகளின் உருவம், அவளின் டையும் அவளின் பின்னலும். இரண்டும் வேறு சாமான். வேண்டுமென்பவர் வருவார். விலையைக் குறைக்க வேண்டிவந்தால் வேலையையும் குறையுங்கள், கரையில்லாச் சேலை, பூவில்லாக் கொண்டை என்று. அதே வேலையைப் பாதிக் காசுக்குச் செய்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பின்னல்காரியின் வயிற்றிலும் அடிக்கிறோம்.

கல்யாணத்துக்கு நூறு சோடி கேக்கினம், ஒரு மாசம்தான் இருக்கு. எடுக்கவா?

தனி ஆள் என்றால் எடுக்காதீர்கள். மேலே சொன்னபடி ஒரு பொம்மைக்கான நேரத்தை எழுதி வைத்திருந்தால், இருநூறால் பெருக்கிப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும். மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு நல்ல சோடி, விருந்தினருக்குச் சின்ன மல்லிகைச் சரமோ குட்டி வெற்றிலையோ பின்னித் தரலாம் என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

கூட்டாகச் செய்வதென்றால் ஒருவர் உடம்பு, ஒருவர் கைகால் என்று பிரிக்கலாம், ஆனால் முகம் எல்லாவற்றையும் ஒரே ஆள் போட வேண்டும், முடிந்தால் அடுத்தடுத்துப் போட வேண்டும். முதல் பொம்மையை மாதிரிக்குக் கண் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் பெண்ணும் கடைசிப் பெண்ணும் அக்கா தங்கச்சி மாதிரிக்கூட இருக்க மாட்டார்கள்.

கார்ட்டூன் பொம்மை, புத்தர், பிள்ளையார் எல்லாம் செய்து விக்கலாமா?

கார்ட்டூன் உருவங்கள் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை, எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குச் செய்வது வேறு, விற்பது வேறு.

புத்தரை வேடிக்கைப் பொருளாகச் செய்யாதீர்கள். இது இந்த நாட்டில் மிகவும் மனம் புண்படும் விஷயம், 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியச் சுற்றுலாப் பயணியைத் திருப்பியே அனுப்பினார்கள். பிள்ளையாரைக் கார் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கக் கேட்டால் நான் செய்து கொடுக்கிறேன், சாவிக்கொத்துக்குக் கேட்டால் மாட்டேன், காற்சட்டைப் பையில் போட்டு அதன் மேலேயே இருப்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, என் மனதுக்கு அப்படி.

மோசம்போன அம்மம்மாவைச் செய்து தரச் சொல்லிப் படம் அனுப்பினம். எப்பிடிச் செய்யிறது?

படத்தைப் பார்த்து உடனே தொடங்காதீர்கள், முதலில் பேச விடுங்கள். அம்மம்மா எப்படி இருப்பா, வீட்டில் என்ன உடுப்பா, எங்கே இருப்பா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அனுப்பும் படம் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு எடுத்ததாக இருக்கும், பேசத் தொடங்கினால் வேறு ஒன்றைச் சொல்வார்கள், வெளிறின நீல வொயில் சேலை, மூக்குக்கண்ணாடி, மடியில் வெற்றிலைத் தட்டம். அதைச் செய்யுங்கள். முகத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் முக்கியம், ஆள் சாயலை முகத்தில் கொண்டுவர முயலவே கூடாது, ஆறு கண்ணியில் அது வராது, வராத சாயல் வீட்டுக்காரரை நோகடிக்கும். நரைமுடி, கொண்டை வைக்கும் உயரம், கொஞ்சம் கூனின தோள், இவற்றில்தான் ஆளைத் தெரியும். வெள்ளை நூல் ஓர் இழையும் சாம்பல் நூல் ஓர் இழையும் சேர்த்து முடி வைத்தால் உண்மையான நரையாக வரும்.

பெட்டிக்குள் வைக்கும் முன் படம் அனுப்பி, மாற்ற ஏதும் இருக்கா என்று கேளுங்கள். கொண்டையைப் பிரித்து மறுபடி கட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் கட்டுங்கள்.

ரொரண்டோவுக்கும் லண்டனுக்கும் அனுப்ப என்ன செய்ய வேணும்?

கண்ணாடிப் பெட்டி வேண்டாம், உடைந்து பொம்மையில் ஏறும். கெட்டி அட்டைப் பெட்டிக்குள் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, பொம்மையை நடுவில் ஆடாமல் இருத்துங்கள், அமுக்கிக் கட்டினால் பாவாடை மடங்கிப் போகும். உள்ளே ஈரம் போகாமல் பிளாஸ்ரிக் உறை, அது கட்டாயம் நன்றாகக் காய்ந்த பொம்மையாக இருக்க வேண்டும், காரணம் பூஞ்சணக் கேள்வியில் இருக்கிறது. சுங்கப் படிவத்தில் கையால் பின்னிய பொம்மை என்று தெளிவாக எழுதி, உண்மையான பெறுமதியைப் போடுங்கள். சொந்தக்காரருக்கு அனுப்பும் பரிசுக்குக் கனடாவில் 60 கனடிய டொலர் வரையும் பிரித்தானியாவில் 39 பவுண் வரையும் வரி இல்லை. காசுக்கு விற்றதைப் பரிசு என்று எழுதாதீர்கள், பிடித்தால் பெட்டி அங்கேயே நிற்கும், வாடிக்கையாளர்தான் அலைய வேண்டும்.

பெட்டிக்குள் பொம்மையின் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் நூலை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், எந்த நூல் எந்த இடம் என்று அட்டையில் எழுதுங்கள். அங்கே எங்காவது கண்ணி அறுந்தால் யாரோ ஒரு அன்ரி தைத்துக் கொடுப்பா, அந்த நிறம் அந்த ஊரில் கிடைக்காது.